ரயில் அப்புறம், தரை முதல்ல!

மாடல் ரயில் கட்டுறேன்னு சொன்னா நம்ம மக்கள் கேட்கிறது ரெண்டே கேள்விதான். ஒண்ணு, "எஞ்சின் என்ன விலை?" ரெண்டு, "எவ்ளோ ஸ்பீடு போகும்?" மூணாவதா ஒரு கேள்வி இருக்கு: "அந்த மண்ணை எங்கேர்ந்து எடுத்தே?" இதை இதுவரைக்கும் ஒருத்தர்கூட கேட்டதில்லை. எனக்கென்னமோ அதுதான் முதல் கேள்வியா இருக்கணும்னு தோணுது. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டு வச்சுக்கிட்டு உக்காருங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு மினி முன்னுரை (தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிடலாம்). உலகத்துல ரொம்பப் பேர் விளையாடுறது எச்.ஓ. அளவு. நிஜத்துல 87-ல ஒரு பங்கு. இந்தக் கணக்குல ஒரு ஆளோட உயரம் ரெண்டு சென்டிமீட்டர்கூட வராது. தண்டவாளம், எஞ்சின், பெட்டி, மலை, மரம், வீடு எல்லாம் சேர்த்து ஒரு பலகை மேல கட்டுறதுக்குப் பேரு லேஅவுட். பொட்டி தட்டுற வேலை முடிஞ்சு வந்து ராத்திரி பத்து மணிக்கு மேல நான் கட்டிக்கிட்டு இருக்கிறது ஆறு அடிக்கு ரெண்டு அடி. வாடகை வீட்டுல அதுக்கு மேல ஆசைப்பட்டா ஹவுஸ் ஓனர் முறைப்பாரு. ஆறு அடின்னா இந்த அளவுல நிஜத்துல சுமார் 160 மீட்டர். ஒரு ஸ்டேஷனைக்கூட முழுசா வைக்க முடியாது. அதனால நான் ஒரே ஒரு மலை வெட்டை மட்டும் எடுத்துக்கிட்டேன். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவுல இருக்கிற கணவாய். மதுரை - போடி மீட்டர் கேஜ் ஓடின காலத்துல இருந்த மாதிரி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்தப் பொழுதுபோக்குல இருக்கிறவங்ககிட்ட மூணு நம்பிக்கை உண்டு. மூணுமே தப்புங்கிறது என் கட்சி.

நம்பிக்கை 1: "முதல்ல தண்டவாளத்தைப் போட்டுடலாம், மலை கிலையெல்லாம் கடைசியில அலங்காரம்."

நம்பிக்கை 2: "வெளிநாட்டுப் பாக்கெட் சாமான் இல்லாம நல்ல தரை அமையாது."

நம்பிக்கை 3: "லேஅவுட்டுங்கிறது என்னைக்குமே முடியாது. முடிஞ்சிட்டா அப்புறம் என்ன இருக்கு?"

ஒவ்வொண்ணா எடுத்துக் கும்மலாம் :-)

முதலாவது. ஒரு முழு ப்ளைவுட் ஷீட்டை வாங்கி, நாலு காலு அடிச்சு, மேல தண்டவாளத்தை வட்டமா ஓட்டி, நடுவுல ஒரு பச்சை மலையைக் கவுத்து, அதுல ஒரு ஓட்டை போட்டு ரயிலை விடுவாங்க. பார்த்திருப்பீங்க. அந்த மலை எதுக்கு அங்க இருக்குன்னு கேட்டா பதில் இருக்காது. அதைச் சுத்திப் போகத்தான் அவ்வளவு இடம் இருக்கே, ரயில் ஏன் மலையைக் குடையணும்? கொலுவுல பார்க் வைக்கிற மாதிரி வச்சது அது.

நிஜத்துல நடந்தது நேர் தலைகீழ். மலை முதல்ல இருந்துச்சு. அப்புறம் எஞ்சினியர் வந்தார். தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்தார். நீலகிரி ரயிலையே எடுத்துக்குங்க. மேட்டுப்பாளையம் - குன்னூர் 1899-ல ஓட ஆரம்பிச்சுது, ஊட்டி வரைக்கும் போனது 1908-ல. மொத்தம் 46 கிலோமீட்டர், அதுக்குள்ள 208 வளைவு, 16 குகை, 250 பாலம். கல்லாறு தாண்டினா 12.5 அடிக்கு ஒரு அடி ஏத்தம். வெறும் சக்கரத்தை நம்பினா வழுக்கிடும்னு நடுவுல பல்சட்டம் போட்டு, எஞ்சினுக்குப் பல்சக்கரம் மாட்டினாங்க. இந்த நம்பர் எல்லாம் எஞ்சினியரோட திறமைன்னு நாம படிக்கிறோம். என்னைக் கேட்டா அது மலை கேட்ட விலை.

நம்ம பாஷையில சொல்லணும்னா, தரைங்கிறது ரிக்வயர்மென்ட். தண்டவாளம்கிறது அதுக்கு எழுதின கோடு. ரிக்வயர்மென்ட்டைப் பார்க்காம கோடு எழுதிட்டு, கடைசியில அதுக்குத் தகுந்த மாதிரி டாக்குமென்ட் தயார் பண்றதை நாம எல்லாருமே ஆபீஸ்ல பார்த்திருக்கோம். அது எப்படி இருக்கும்னும் தெரியும். அதையே வீட்டுக்கு வந்தும் பண்ணணுமா?

தட்டைப் பலகையில இன்னொரு பெரிய கோளாறு. தண்டவாளத்துக்குக் கீழ எதுவுமே இருக்க முடியாது. ஆனா ரயில்ல ஜன்னலோரம் உக்காந்து ஒரு தடவை வெளிய பாருங்க. பாதி நேரம் நீங்க கீழ குனிஞ்சுதான் பார்ப்பீங்க. கரை மேல ரயில் போகும், கீழ வயல் இருக்கும். ஓடை இருக்கும், அதுல ஒரு சின்னப் பாலம், பாலத்துக்கு அடியில ஆடு நிக்கும். தண்டவாளத்துக்கு மேல இருக்கிற மலை அளவுக்கு, கீழ இருக்கிற பள்ளமும் முக்கியம்.

அமெரிக்காவுல மாடல் ரெயில்ரோடர் பத்திரிகைக்கு ஆசிரியரா இருந்த லின் வெஸ்ட்காட் இதுக்கு எப்பவோ வழி சொல்லிட்டார். முழுப் பலகையே வேண்டாம். கட்டைகளை எல் வடிவத்துல சேர்த்துத் தூலம் மாதிரி ரெண்டு வரிசை, அது மேல குறுக்குச் சட்டம், அதுல இருந்து எழும்புற சின்னச் சின்னக் கால்கள் மேல தண்டவாளம் போற பட்டை மட்டும். மத்த இடமெல்லாம் காலி. அந்தக் காலியில நீங்க மேலயும் போகலாம், கீழயும் போகலாம். என்னை மாதிரி ஆறடி ஆளுங்களுக்கு (லேஅவுட்டைச் சொன்னேங்க, என்னை இல்லை) அதுவும் தேவையில்லை. தெர்மாகோல் ஷீட்டுகளை அடுக்கி ஒட்டி, தண்டவாள மட்டத்தை நடுவுல எங்கயாவது வச்சு, கீழ்ப்பக்கம் ஓடையை வெட்டிக்கலாம். ஏசி, கூரை வேலைக்கு விக்கிற கெட்டியான ஃபோம் போர்டு கிடைச்சா இன்னும் நல்லது. தெர்மாகோல் மாதிரி உருண்டை உருண்டையா உதிராது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: தெர்மாகோலுக்கு வெள்ளை ஃபெவிகால் மட்டும்தான். வாசனை தூக்குற சொல்யூஷன் டைப் கோந்தோ ஸ்ப்ரே பெயிண்டோ பட்டா மலை கண்ணு முன்னாடியே கரைஞ்சு குழியாயிடும். ஆறு மாசத்து வேலை ஆறு வினாடியில காலி.

தரையை முதல்ல வச்சா ரயிலுக்குப் பெருமை குறையுமேன்னு சில பேர் நினைக்கலாம். 1930கள்ல இங்கிலாந்துல ஜான் அஹெர்ன்னு ஒருத்தர் மேடர் வேலி ரயில்வேன்னு ஒரு லேஅவுட் கட்ட ஆரம்பிச்சார். அந்தக் காலத்துல மாடல் ரயில்னா எஞ்சினும் தண்டவாளமும்தான். அவர்தான் ஊரு, ஆறு, பள்ளத்தாக்கு எல்லாத்தையும் ரயிலோட ஒண்ணாக் கட்டினார். இன்னைக்கும் ஜனங்க அதைப் பார்க்கப் போறாங்க. அவர் எஞ்சினோட வேகம் என்னன்னு யாருக்காவது ஞாபகம் இருக்குமா?

இப்ப ரெண்டாவது நம்பிக்கை. பாக்கெட் சாமான்.

புல்லுக்கு ஒரு பாக்கெட், மண்ணுக்கு ஒரு பாக்கெட், பாறைக்கு ஒரு அச்சு, தண்ணிக்கு ஒரு பாட்டில். எல்லாமே கடல் தாண்டி வரணும். விலை, அதுக்கு மேல ஷிப்பிங், அதுக்கு மேல கஸ்டம்ஸ். மொத்தத்தைக் கூட்டினா மயக்கம் வரும். ஆனா என் எதிர்ப்பு காசுக்காக இல்லை. காசு இருக்கிறவங்க தாராளமா வாங்குங்க. என் எதிர்ப்பு வேற: அந்தப் பாக்கெட்டுக்குள்ள இருக்கிறது வேற யாரோட ஊரோ!

அந்தப் பச்சையைப் பாருங்க. அது மழை வருஷம் பூரா தூறுற ஊரோட பச்சை. நம்ம வைகைப் பக்கத்துல மாசி, பங்குனியில நின்னு பார்த்தா அந்தப் பச்சை எங்கயுமே கிடையாது. செம்மண், சரளை, காஞ்சு வெளுத்த புல்லு, நடுநடுவுல சாம்பல் பூத்த மாதிரி சீமைக்கருவேலம், தூரத்துல ஒத்தைப் பனை. பாக்கெட்டை வாங்கிக் கொட்டினா நம்மாளு கஷ்டப்பட்டு கட்டின இந்தியன் ரயில்வே எஞ்சின் ஸ்விட்சர்லாந்துல போய் நிக்கும். யஷ் சோப்ரா படத்துல டூயட் பாடப் போன ஹீரோ மாதிரி!

நம்ம தரைக்குத் தேவையானது எல்லாம் நம்ம தரையிலயே இருக்கு. என் வழக்கத்தைச் சொல்றேன், பிடிச்சா எடுத்துக்குங்க.

மண்: ஊருக்குப் போறப்ப எல்லாம் ஒரு டப்பா மண் எடுத்துட்டு வருவேன். மூணு விதமான சல்லடையில சலிப்பேன். காரணம் இருக்கு. 87-ல ஒரு பங்குன்னு ஆயிட்டா, ஒரு மில்லிமீட்டர் மணல் துகள் நிஜத்துல கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர் கல். அதாவது தண்டவாளத்துக்கு அடியில போடுற ஜல்லியைவிடப் பெரிசு. ரோட்டுப் புழுதி வேணும்னா மாவு மாதிரி சலிக்கணும். வெயில்ல நல்லாக் காய வச்சு, பழைய வாணலியில வறுத்துட்டா பூச்சி, பூஞ்சை எல்லாம் போயிடும் (வாணலி பழசா இருக்கணும்கிறது முக்கியம், வீட்டுல அமைதி வேணும்னா). கடைசியா ஒரு காந்தத்தைப் பேப்பர்ல சுத்தி மண்ணுக்குள்ள விட்டுத் துழாவணும். செம்மண்ணுல இரும்புத் துகள் ஒட்டிக்கிட்டு வரும். அதை எடுக்கலைன்னா எஞ்சின் மோட்டார்ல இருக்கிற காந்தம் அதை இழுத்துக்கும். அப்புறம் எஞ்சின் கதை கந்தல்.

நிறம்: இதுல ஒரு தந்திரம் இருக்கு. நிஜ மண்ணை அப்படியே போட்டா, நிஜத்தைவிடக் கருப்பாத் தெரியும். ஊர்ல அது வெயில்ல கிடக்குது, நம்ம ரூம்ல எல்.ஈ.டி. பல்புல கிடக்குது. போதாததுக்கு கோந்துத் தண்ணி காஞ்ச பிறகும் ஒரு சாயல் கூடிடும். அதனால கொஞ்சம் வெளுத்த மண்ணைக் கலக்கணும். ரூம்ல எந்த பல்பு எரியப் போகுதோ அதை முதல்ல மாட்டிட்டு அப்புறம்தான் நிறம் பார்க்கணும். மஞ்சள் பல்புல பார்த்த செம்மண், வெள்ளை பல்புல வேற நிறமாத் தெரியும்.

ஒட்டுறது: மண்ணைத் தூவினதும் நேரா ஃபெவிகாலை ஊத்தக்கூடாது. உருண்டு திரண்டு குளம் கட்டும். முதல்ல தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு ஸ்ப்ரே பண்ணணும். சோப்பு தண்ணியோட இழுவிசையைக் குறைச்சு மண்ணுக்குள்ள இறங்க வைக்கும். அதுக்கப்புறம் ஃபெவிகாலைத் தண்ணி மாதிரி கரைச்சு சிரிஞ்ச்ல சொட்டு சொட்டா விட்டா, துகள் நகராம உக்காரும். மறுநாள் காலையில தொட்டுப் பார்த்தா சிமென்ட்.

பாறை: இதுக்கு நான் செய்றது பி.ஓ.பி. அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, பாதி பிரிச்சு, அதுல பி.ஓ.பி. ஊத்தி, அரைகுறையா இறுகுறப்பவே மலை மேல அமுக்கிடணும். காஞ்சதும் ஃபாயிலை உரிச்சா மடிப்பு மடிப்பாப் பாறை. மேல தண்ணியா கருப்பு விட்டா பிளவுக்குள்ள போய்த் தங்கும். அப்புறம் கிட்டத்தட்டக் காஞ்ச பிரஷ்ல வெளிர் நிறத்தைத் தொட்டும் தொடாம இழுத்தா மேடு மட்டும் வெளிச்சம் வாங்கும். இந்த ரெண்டும்தான் பாறை. ஒரே நிறத்துல ஒரு கோட்டிங் அடிச்சா அது பாறை இல்லை, கல்யாண மண்டபத்து ஸ்டேஜ்.

புல்லு: இங்கதான் நம்மாளுங்க மூளை. ஸ்டாட்டிக் கிராஸ்னு ஒரு சமாச்சாரம். நைலான் இழையை அதிக வோல்டேஜ்ல சார்ஜ் பண்ணித் தூவினா ஒவ்வொரு இழையும் கோந்துல செங்குத்தா நட்டுக்கிட்டு நிக்கும். அதுக்கான கருவி வெளிநாட்டுல யானை விலை. ஆனா நம்ம எலெக்ட்ரிக் கொசு பேட்டுக்குள்ள இருக்கிற சர்க்யூட்டும் அதே வேலையைத்தான் செய்யுது. அதைப் பிரிச்சு டீ வடிகட்டியோட சேர்த்து உலகம் பூரா ஆளுங்க இதைச் செய்றாங்க. (உள்ள கெபாசிட்டர் இருக்கு, கை வச்சா நல்லாவே வாங்குவீங்க. எலெக்ட்ரானிக்ஸ் தெரிஞ்ச ஃப்ரெண்டை வச்சுக்கிட்டுச் செய்ங்க.) ஆனா கருவி நம்மளுதுங்கிறதுக்காக கோல்ஃப் மைதானம் போட்டுடாதீங்க. நம்ம பக்கத்துப் புல்லு கொத்துக் கொத்தாத்தான் நிக்கும். நடுவுல மண்ணு தெரியணும். ஆடு மேஞ்ச மாதிரி இருக்கணும்.

மரம்: கரண்ட் ஒயருக்குள்ள இருக்கிற மெல்லிசான செம்புக் கம்பிகளை முறுக்கி, கிளை கிளையாப் பிரிச்சா கருவேலம் ரெடி. பழைய ஸ்பாஞ்சைத் தண்ணியோட மிக்ஸியில அடிச்சு, சாயம் ஏத்தினா இலை. பனைக்குத்தான் பொறுமை வேணும், ஒவ்வொரு ஓலையையும் பேப்பர்ல விசிறி மாதிரி வெட்டணும். அப்புறம் உயரம். 20 மீட்டர் பனை இந்த அளவுல 23 சென்டிமீட்டர். நான் கட்டின ஒரு ரயில் பெட்டியோட நீளமே அவ்வளவுதான்! கடையில விக்கிற மரமெல்லாம் இதுல பாதிகூட வராது. ரயில் பெரிசாத் தெரியணும்னு மரத்தைக் குட்டையாக்குறாங்க. எனக்கு ரயில் சின்னதாத் தெரியணும். அந்தக் கணவாய்க்குள்ள அது சின்னதாத்தான் தெரிஞ்சுது.

ஆக, தண்டவாளம், மோட்டார் இதுக்கெல்லாம் வெளிநாட்டை நம்பித்தான் ஆகணும், மறுக்கலை. 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தை நான் மிக்ஸியில அடிக்க முடியாது. ஆனா தரைக்கு மட்டும் யார்கிட்டயும் கையேந்த வேண்டாம்.

இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். அம்மாவைப் பெத்த தாத்தா ரயில்வேயில கேங்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த போடி லைன்லதான் பாதி சர்வீஸ். அவர் அதிகம் பேசுற ஆளு கிடையாது. போன வருஷம் சென்னைக்கு வந்தப்போ லேஅவுட்டைக் காட்டினேன். அப்போ வெட்டு மட்டும்தான் முடிஞ்சிருந்துச்சு, ரெண்டு பக்கமும் பாறை, நடுவுல தண்டவாளம், ஓரத்துல வடிகால். எஞ்சினை ஓட்டிக் காட்டினேன். அதை அவர் பார்க்கவே இல்லை. குனிஞ்சு அந்த வடிகாலையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

"இந்தா, இதாண்டா. ஐப்பசி மழைக்கு முன்னாடி மொதல்ல இந்த வாய்க்காலத்தான் தூர் எடுப்போம். இது அடைச்சா போச்சு, தண்ணி ஜல்லியில ஏறிரும்" அப்படின்னார்.

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார்! மழை ராத்திரியில கையில லாந்தரோட வெட்டு நெடுக நடந்தது, மேல இருந்து உருண்டு வந்து கிடந்த கல்லை நாலு பேரா நெம்பித் தள்ளினது, எந்த இடத்துல பாறை எப்பவும் கசியும், எந்த இடத்துல பாம்பு கிடக்கும். "கல்லு வாறப்ப மணி பார்த்தா வரும்? நாமதான் பார்க்கணும்"னார். இதெல்லாம் எங்க வீட்டுல யாருக்குமே தெரியாது. என் அம்மாவுக்கே தெரியாது. எஞ்சினைப் பார்த்து அவருக்கு ஒரு வார்த்தை வரலை. வடிகாலைப் பார்த்து வந்துச்சு.

அன்னைக்கு எனக்கு ஒண்ணு உறைச்சுது. ரயிலை ஓட்டினது டிரைவரா இருக்கலாம். ஆனா ரயில் பாதைங்கிறது தரையோட வேலை செஞ்சவங்களோடது. நாம தரையை "அலங்காரம்"னு ஒதுக்குறப்போ அவங்களையும் சேர்த்துத்தான் ஒதுக்குறோம்.

அந்த மீட்டர் கேஜ் இப்ப இல்லை. 1928-ல வந்த லைன் அது. இரண்டாம் உலகப்போர் சமயத்துல தண்டவாளத்தையே பிடுங்கிட்டுப் போய், 1950கள்ல திரும்பப் போட்டாங்க. 2010 கடைசியில அகலப்பாதையாக்க நிறுத்தினாங்க. தேனி வரைக்கும் 2022-லயும் போடி வரைக்கும் 2023-லயும் பிராட் கேஜ் வந்துச்சு. எனக்கு அதுல துளியும் வருத்தமில்லை. போடியிலேர்ந்து சென்னைக்கு நேரா ரயில் வருதுங்கிறது எங்க ஊருக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு எங்களுக்குத்தான் தெரியும். ஆனா அகலப்பாதைன்னா வெட்டையும் அகலமாக்கணும். அந்தப் பழைய, ஒடுங்கின, ஜன்னல்ல கையை நீட்டினா பாறையைத் தொட்டுடலாம்னு சின்ன வயசுல தோணின வெட்டு இனிமே கிடையாது. எஞ்சினையாவது ஏதாவது மியூசியத்துல நிறுத்தி வைப்பாங்க. மலை வெட்டை எந்த மியூசியத்துல வைப்பாங்க?

இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் லாங் விட்டென்ஹாம்ங்கிற கிராமத்துல பெண்டன் மியூசியம்னு ஒண்ணு இருக்கு. அதை ஆரம்பிச்சவர் ராய் இங்லண்ட். பேருதான் இங்லண்ட், ஆளு ஆஸ்திரேலியாக்காரர். 1920கள்ல அங்க வந்தவர், ரயிலைப் பார்க்கப் போய், அந்தப் பக்கத்து கிராமங்களைப் பார்த்து மயங்கிட்டார். கூரை வீடெல்லாம் கண்ணு முன்னாடியே மாறிக்கிட்டு வந்துச்சு. தடுக்க அவரால முடியாது. அதனால அளந்து, நிறம் குறிச்சு, 76-ல ஒரு பங்கா ஒவ்வொரு வீடாக் கட்ட ஆரம்பிச்சார். 1954-ல மியூசியம் ஆச்சு. இன்னைக்கு அங்க போனா 1920, 30களோட ஒரு பள்ளத்தாக்கே இருக்கு, தோட்டத்துக் காய்கறி வரைக்கும். நான் முதல்ல சொன்னேனே மேடர் வேலி, அதுவும் இப்ப அங்கதான் இருக்கு.

நமக்கு அந்த மாதிரி ஒருத்தர் இல்லையேன்னு ஏங்க வேண்டாம். புனேயில ஒரு தனி மனுஷரோட பொழுதுபோக்கு ஜோஷி மினியேச்சர் ரயில் மியூசியம் ஆகலையா? ஆரம்பிச்சாப் போதும்.

ஆரம்பிச்சாப் போதுமா? இங்கதான் மூணாவது நம்பிக்கை வருது. "லேஅவுட் என்னைக்குமே முடியாது."

இதைப் பெருமையாச் சொல்வாங்க. ஜான் ஆலனை உதாரணம் காட்டுவாங்க. கலிஃபோர்னியாவுல மான்டரேங்கிற ஊர்ல இருந்த போட்டோகிராஃபர். தரையிலேர்ந்து கூரை வரைக்கும் மலை கட்டினவர். கண்ணாடியை ஒளிச்சு வச்சு பள்ளத்தாக்கை ரெட்டிப்பாக்கினவர். பெட்டி தள்ளுறதுக்கு எஞ்சினுக்குப் பதிலா ஒரு குட்டி டைனோசரை வச்சிருந்த குசும்புக்காரர். பல வருஷம் கட்டினார். 1973 ஜனவரியில காலமானார். அடுத்த சில நாள்லயே வீட்டுல தீப்பிடிச்சு லேஅவுட் அழிஞ்சு போச்சு. இந்தக் கதையைச் சொல்லிட்டு "பார்த்தியா, முடிக்கிறதுல என்ன இருக்கு, பயணம்தான் முக்கியம்"னு பெருமூச்சு விடுவாங்க.

எனக்கு அந்தக் கதை வேற ஒண்ணைச் சொல்லுது. அவர் கட்டினது இன்னைக்கும் நமக்குத் தெரியுதுன்னா அதுக்குக் காரணம் அவர் எடுத்த போட்டோக்கள். போட்டோ எடுக்கிற அளவுக்கு அவர் ஒவ்வொரு மூலையையும் முழுசா முடிச்சிருந்தார். மொத்தம் முடியாம இருந்திருக்கலாம், ஆனா முடிச்ச இடம் முடிச்ச இடம்தான். நம்மாளுங்க "என்னைக்குமே முடியாது"ன்னு சொல்றப்போ அர்த்தமே வேற. எட்டு வருஷமா ப்ளைவுட் தெரியுதுன்னு அர்த்தம்! "டெவலப்மென்ட் ஓவர், டெஸ்டிங் மட்டும் பாக்கி"ங்கிற மாதிரிதான் இதுவும் :-)

ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். சில பேருக்கு டைம்டேபிள் போட்டு, சரக்கு வண்டியை கோர்த்துப் பிரிச்சு, நாலு நண்பர்களோட நிஜ ரயில்வே மாதிரி இயக்குறதுலதான் சந்தோஷம். வெறும் ப்ளைவுட்லயே அது நடக்கும், நல்லாவும் நடக்கும். அவங்களோட எனக்குச் சண்டையே இல்லை. அவங்க தரை வேணாம்னு முடிவு பண்ணினவங்க. எனக்குச் சண்டை, வேணும்னு சொல்லிக்கிட்டே தள்ளிப் போடுறவங்களோட.

முடிக்கிறதுன்னா என்ன? மலை கட்டுறது, புல்லு நடுறது எல்லாம் வேலையில பாதி. மீதிப் பாதி இதுல இருக்கு:

- வீடும் மண்ணும் சேர்ற இடத்துல இடுக்கு தெரியக்கூடாது. வீட்டோட அடியை மண்ணுக்குள்ள கொஞ்சம் புதைங்க. நூல் அளவு இடுக்கு இருந்தாலும் அது பொம்மை வீடுதான்.

- தரையும் பின்னாடி இருக்கிற வானப் படமும் சேர்ற கோட்டை ஒரு மேட்டாலயோ மரத்தாலயோ மறைங்க. தூரத்து மலையோட நிறத்துல கொஞ்சம் நீலமும் வெளுப்பும் கலங்க.

- மனுஷன் நடந்த தடம் வேணும். ரயில்வே பாதைன்னா கூடவே ஒரு ஒத்தையடிப் பாதை கட்டாயம் இருக்கும். கேங்மேன் நடந்த பாதை அது.

- பலகையோட முன் விளிம்பை மூடி, நிலத்தோட வளைவுக்கேத்த மாதிரி வெட்டி, ஒரே அடர் நிறம் அடிங்க. படத்துக்கு ஃப்ரேம் மாதிரி. அது வரைக்கும் அது வேலை நடக்கிற இடம், அதுக்கப்புறம்தான் அது ஊரு.

இந்தச் சில்லறை வேலைகள்தான் போரடிக்கும். இதைத்தான் எல்லாரும் "அப்புறம்"னு தள்ளுவாங்க. ஆனா பார்க்கிறவன் கண்ணு நேரா அந்த இடுக்குக்குத்தான் போகும். அங்கதான் அவன் நம்புறதும் நம்பாததும்.

அதனால என் யோசனை இது. ரூம் அளவு கனவெல்லாம் ஓரமா வைங்க. ஒரு அடிக்கு ஒரு அடி. ஒரே ஒரு பலகை. அதுல ஒரு துண்டு தண்டவாளம், ஒரு சின்னப் பாலமோ லெவல் கிராஸிங்கோ. ரயில் ஓடக்கூட வேண்டாம், நின்னாப் போதும். ஆனா தரையை விளிம்பு வரைக்கும் முடிச்சிடுங்க. உங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர்கிட்ட காட்டுங்க. அவர் எஞ்சினைப் பார்க்கிறாரா, வேற எதையாவது பார்க்கிறாரான்னு கவனிங்க. அவர் பேச ஆரம்பிச்சா போனை எடுத்து ரெக்கார்ட் பண்ணிக்குங்க. நான் பண்ணினேன்.

நம்ம பதிவர்கள்ல விருதுநகர் கரிசல்காரங்க இருக்கீங்க, செங்கோட்டைப் பக்கத்துக்காரங்க இருக்கீங்க, ராமேஸ்வரத்து மணல்ல வளர்ந்தவங்களும் இருக்கீங்க. உங்க ஊர்ல ரயில் கரையோரம் மண்ணு என்ன நிறம், அதுல என்ன முளைச்சிருக்கும்? ஞாபகம் இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. ஞாபகம் இல்லைன்னா அடுத்த தடவை போறப்போ கையில ஒரு டப்பா எடுத்துட்டுப் போங்க.

டிஸ்கி: ஃபெவிகால் கம்பெனிக்கும் எனக்கும் எந்த ஒட்டும் இல்லை. கொசு பேட்டைப் பிரிச்சு ஷாக் அடிச்சா கம்பெனி பொறுப்பல்ல. வாணலி விஷயத்துல வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டாலும் அதே.